டைமிங் செயின் எதனால் போனது? காரணம் கண்டுபிடிக்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கார் வைத்திருப்பவர்கள், திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் பக்கம் சிறிய பட்டறை நடத்துபவர்கள் ஆகியோருக்காக எழுதியது. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சுழலும்போது கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சேர்த்துச் சுழற்றுவது டைமிங் செயின். புதுச் செயின் போட்டும் ஒரு வருடத்துக்குள் அதே சத்தத்தோடு வண்டி திரும்பி வந்தால், முதல் செயினைக் கெடுத்தது எதுவோ அது இன்னும் என்ஜினுக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த கிட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

என் வண்டியில இருக்கறது செயினா, பெல்ட்டா?

மாருதி கே-சீரிஸ் பெட்ரோல், ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ வண்டிகளில் வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல், ஹூண்டாய் 1.2 கப்பா பெட்ரோல், ஹூண்டாய் 1.4, 1.6 சிஆர்டிஐ டீசல், மஹிந்திரா 2.2 எம்ஹாக், இன்னோவா கிரிஸ்டா 2.4 டீசல் எல்லாம் செயின். மாருதி 800, ஆம்னி, சான்ட்ரோ ஜிங், டஸ்டர் 1.5 டீசல், பழைய இன்னோவா 2.5 டீசல் எல்லாம் பெல்ட்.

எத்தனை கிலோமீட்டர்ல செயின் மாத்தணும்?

பெல்ட்டுக்கு இருப்பது போல் பெரும்பாலான செயின்களுக்குக் கணக்கு கிடையாது. ஆயிலை ஒழுங்காக மாற்றிய வண்டியில் 2 லட்சம் தாண்டியும் ஓடும், மாற்றாத வண்டியில் 60,000-த்திலேயே கத்தும். சத்தம், ஸ்கேனர் அளவு, டென்ஷனர் (ஆயில் பிரஷரால் செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) வெளியே வந்திருக்கும் நீளம் இந்த மூன்றையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

செயின் நீண்டுபோச்சுன்னு சொல்றாங்க. இரும்பு எப்படி நீளும்?

தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின்னும் அது சுழலும் ஓட்டையும் தேய்கின்றன. ஒரு கண்ணியில் 0.02 மி.மீ. தேய்மானம் என்றால் கண்ணுக்கே தெரியாது. 150 கண்ணி உள்ள செயினில் அது மொத்தம் 3 மி.மீ. ஆகிவிடும்.

டைமிங்கைக் கெடுப்பது இந்த மொத்த நீளம் அல்ல. கிராங்க் இழுக்கும் பக்கத்தில், கிராங்க் பல்லுக்கும் கேம் பல்லுக்கும் நடுவில் இருக்கும் கண்ணிகள்தான் கணக்கு. உதாரணத்துக்கு, 8 மி.மீ. பிட்ச் (கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரம்) செயின், 36 பல் கேம் ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்) என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 288 மி.மீ. அப்படியானால் 1 மி.மீ. தேய்மானம் கேமை 1.25 டிகிரி பின்னால் தள்ளும். கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கேம் ஒரு சுற்று என்பதால், கிராங்க் கணக்கில் அது 2.5 டிகிரி. இழுக்கும் பக்கத்தில் 40 கண்ணி இருந்தால் 0.8 மி.மீ. தேய்மானம், 2 கிராங்க் டிகிரி பிசகு. இந்த அளவில் எந்த லைட்டும் எரியாது, இழுவை மட்டும் லேசாகக் குறையும்.

மிச்ச நீளம் தொய்வாகத் தளர்ந்த பக்கம் போய்ச் சேர்கிறது. அதை விழுங்குவது டென்ஷனரின் வேலை. டென்ஷனர் முழுக்க வெளியே வந்து, அதற்கு மேல் நீள இடமில்லாத நாளில் செயின் உள்ளே அடிக்க ஆரம்பிக்கும்.

காலையில ஸ்டார்ட் பண்ணா ரெண்டு மூணு செகண்ட் கடகடன்னு சத்தம் வந்து நின்னுடுது. செயின் போச்சா?

இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதுதான் முதல் தடயம்.

ராத்திரி முழுக்க நின்ற பிறகு மட்டும் வந்து, ஒரு மணி நேரம் நிறுத்தி எடுத்தால் வரவில்லை என்றால், டென்ஷனரில் இருந்த ஆயில் வடிந்திருக்கிறது. முதலில் ஆயில் ஃபில்டரைப் பாருங்கள். ஃபில்டருக்குள் ஆயில் பின்னால் வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று உண்டு. விலை குறைந்த போலி ஃபில்டர்களில் அது இருக்காது, இருந்தாலும் சில மாதத்தில் விறைத்துவிடும். கம்பெனி ஃபில்டரும் சரியான ஆயிலும் போட்டு ஒரு வாரம் பாருங்கள். குறைந்த செலவில் முடிய வேண்டியதைப் பல ஆயிரத்தில் தொடங்க வேண்டாம்.

பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தாலும் சத்தம் வருகிறது, ஆக்சிலேட்டரை விட்டதும் ஒரு சரசரப்பு கேட்கிறது என்றால், டென்ஷனர் எல்லைக்கு வந்துவிட்டது அல்லது கைடு (செயின் உரசி ஓடும் பிளாஸ்டிக் வழிகாட்டி) உடைந்திருக்கிறது. இதில் நாள் கடத்தக் கூடாது.

காலையில் அமைதி, கொடைக்கானல் மலை ஏறி இறங்கி என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கில் மட்டும் சத்தம் என்றால் செயினை விட்டுவிட்டு ஆயில் பிரஷரைச் சந்தேகியுங்கள். சூட்டில் ஆயில் இளகும்போது தேய்ந்த பம்ப்பும் தேய்ந்த பேரிங்கும் பிரஷரைப் பிடித்து வைக்காது.

விவிடி (ஓட்டத்துக்கேற்ப வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) உள்ள பெட்ரோல் வண்டியில் ஸ்டார்ட் செய்ததும் ஒரே ஒரு செகண்ட் கரகரவென்று கேட்டு நிற்பது விவிடி கியரின் பூட்டு பின்னாகவும் இருக்கலாம். என்ஜின் நிற்கும்போது அந்தப் பின் பூட்டாவிட்டால், மறுமுறை ஆயில் வந்து சேரும் வரை கியர் உள்ளுக்குள் அடித்துக்கொள்ளும். செயின் நன்றாக இருக்கும்போதே இந்தச் சத்தத்துக்காகச் செயின் மாற்றப்படுவது உண்டு.

வெளியில இருந்து வர்ற சத்தத்தை எப்படிப் பிரிக்கறது?

ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு 30 செகண்ட் மட்டும் ஓட விடுங்கள். வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டில்தான் ஓடும் வண்டிகள் பல உண்டு, அதனால் நீட்ட வேண்டாம். சத்தம் போய்விட்டால் ஆல்டர்னேட்டர், ஐட்லர் புல்லி, பம்ப் பேரிங் இவற்றில் ஒன்று. போகாவிட்டால் ஸ்டெதாஸ்கோப்பையோ நீள ஸ்க்ரூடிரைவரையோ செயின் கவரின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் வைத்துக் கேளுங்கள். நடுவில், டென்ஷனர் இருக்கும் பக்கம் பலமாக இருந்தால் கைடும் டென்ஷனரும். மேலே கேம் கியரில் மட்டும் இருந்தால் விவிடி கியர். வால்வு கவர் முழுக்க ஒரே தாளத்தில் டிக்டிக் என்றால் அது டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்).

சில என்ஜின்களில் செயின் பின்னால், ஃபிளைவீல் பக்கம் இருக்கும். பிஎம்டபிள்யூ என்47 டீசல் அப்படிப்பட்டது. அதில் சத்தம் கியர்பாக்ஸ் பக்கமிருந்து வருவது போல் கேட்டு கிளட்சைக் கழற்ற வைத்துவிடும்.

ஸ்கேனர்ல பி0016 வருது. உடனே செயின் மாத்தலாமா?

மாற்றாதீர்கள். கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் சொல்லும் நிலை ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதுதான் அந்தப் பிழைக் குறியீட்டின் பொருள். ஏன் பொருந்தவில்லை என்று அது சொல்லாது. செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள்.

முதலில் டிப் ஸ்டிக். ஆயில் அளவு, நிறம், மணம் மூன்றையும் பாருங்கள். பெட்ரோல் நெடி அடித்தாலோ அளவு ஏறியிருந்தாலோ எரிபொருள் ஆயிலில் கலக்கிறது. அடுத்து விவிடி சோலினாய்டை (விவிடி கியருக்கு ஆயிலைத் திறந்து மூடும் மின் வால்வு) கழற்றி அதன் சல்லடையைப் பாருங்கள். கரி ஒட்டியிருந்தாலும் பிளாஸ்டிக் துண்டு மாட்டியிருந்தாலும் கேம் தப்பான இடத்தில் நிற்கும். பிறகு சென்சார் வயரிங், சாக்கெட்டில் ஆயில் ஏறியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். வயல் ஓரத்திலும் தொழுவத்துக்குப் பக்கத்திலும் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த வயர் சாதாரணம்.

அதற்குப் பிறகு ஸ்கேனரில் லைவ் டேட்டா. சூடான ஐட்லிங்கில் சோலினாய்டு சாக்கெட்டைக் கழற்றிவிட்டால் கேம் தன் ஓய்வு நிலைக்கு வந்து நிற்க வேண்டும். அந்த நிலையிலும் கையேட்டு அளவிலிருந்து 5 டிகிரிக்கு மேல் விலகியிருந்தால் இயந்திரப் பிசகுதான்.

இன்டேக் கேமும் எக்ஸாஸ்ட் கேமும் ஒரே பக்கம், ஏறத்தாழ ஒரே அளவு விலகியிருந்தால் (பி0016, பி0017 இரண்டும் சேர்ந்து வந்தால்) இரண்டுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு: செயின், கிராங்க் ஸ்ப்ராக்கெட், கிராங்க் சென்சார் வளையம். ஒன்று மட்டும் விலகினால் அந்தக் கேமின் கியர், சோலினாய்டு, சென்சார். வி6 என்ஜினில் ஒரு பக்கத்துக்கு மட்டும் பிழைக் குறியீடு வந்தால் அந்தப் பக்கச் செயினையும் கைடையும் பாருங்கள்.

பி0340, பி0335 இரண்டும் சென்சார் சிக்னலே வராததைச் சொல்பவை. பி0011, பி0012 இரண்டும் கம்ப்யூட்டர் கேட்ட இடத்துக்குக் கேம் போகாததைச் சொல்பவை. இவற்றையும் செயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஆசிலாஸ்கோப் இருந்தா என்ன தெரியும்?

அது சென்சார் சிக்னலைப் படமாக வரைந்து காட்டும் கருவி. கவரைத் திறக்காமல் செயின் எத்தனை டிகிரி பிசகியிருக்கிறது என்று தெரியும். ஒரு சேனலில் கிராங்க், இன்னொன்றில் கேம். அதே என்ஜினின் நல்ல வண்டியில் எடுத்த படம் ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் நல்ல வண்டி வரும்போது ஒரு படம் எடுத்துச் சேர்த்து வைப்பது பட்டறைக்குப் பெரிய சொத்து.

கிராங்க் வளையம் பல வண்டிகளில் 60 பல் கணக்கில், இரண்டு பல் விடுபட்டதாக இருக்கும். ஒரு பல்லுக்கு 6 கிராங்க் டிகிரி. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 18 பல் என்றால் செயின் ஒரு பல் தாவினால் 20 டிகிரி, அதாவது படத்தில் மூன்று பல்லுக்குக் கொஞ்சம் கூடுதலாக விலகல் தெரியும். தேய்மானம் மட்டும் என்றால் ஒரு பல்லுக்கும் குறைவாக இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதில் ஸ்கோப்புக்கு ஈடு இல்லை. ஐட்லிங்கில் கேம் கோடு கிராங்க் கோட்டை ஒட்டி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தால் செயின் தொங்குகிறது, டென்ஷனர் பிடிக்கவில்லை.

ஸ்கோப்பும் இல்லை, நல்ல ஸ்கேனரும் இல்லை. என்ன செய்யலாம்?

பெட்ரோல் வண்டியில் வேக்யூம் கேஜ் போதும். நல்ல என்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டும். முள் ஆடாமல், ஆனால் அதற்குக் கீழே, 10 முதல் 15-க்குள் நின்றால் கேம் பின்தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். முள் துடித்தால் அது வால்வோ பிளக்கோ. டீசலில் இந்தச் சோதனை உதவாது.

அடுத்து கம்ப்ரஷன். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து எல்லாச் சிலிண்டரையும் எடுங்கள். எல்லாமே ஒரே அளவாகக் குறைந்திருக்கிறது, சொட்டு ஆயில் விட்டாலும் ஏறவில்லை, லீக் டவுன் டெஸ்டில் (சிலிண்டருக்குள் காற்று விட்டுக் கசிவு பார்ப்பது) காற்றும் கசியவில்லை என்றால், ரிங்கும் வால்வும் நன்றாக இருக்கின்றன, வால்வு மூடும் நேரம்தான் தப்பு. ஹெட் இறக்குவதற்கு முன் இந்த இரண்டு சோதனையையும் சேர்த்துச் செய்தால் வீண் வேலை மிச்சம்.

மார்க் வச்சுப் பார்த்தேன். கலர் கண்ணி மார்க்கோட சேரவே இல்லை. செயின் தாவிடுச்சா?

இது நிறையப் பேரைக் குழப்புவது. கலர் கண்ணி (மார்க்குக்காகச் செயினில் வேறு நிறத்தில் வரும் கண்ணி) முதல்முறை பூட்டும்போது மட்டும் உதவும். 150 கண்ணி செயின், 18 பல் கிராங்க் ஸ்ப்ராக்கெட், 36 பல் கேம் ஸ்ப்ராக்கெட் என்றால் கலர் கண்ணிகள் எல்லா மார்க்கோடும் மறுபடி சேர 50 கிராங்க் சுற்று வேண்டும். முதல் சிலிண்டரின் பிஸ்டனை டாப்பில் (மேல் எல்லையில்) வைத்து, கிராங்க் மார்க்கையும் கேம் ஸ்ப்ராக்கெட் மார்க்கையும் மட்டும் பாருங்கள். லாக் பின், லாக் பிளேட் கேட்கும் என்ஜினில் அவை தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். தட்டி நுழைக்க வேண்டியிருந்தால் டைமிங் சரியில்லை.

கிராங்கை எப்போதும் என்ஜின் ஓடும் திசையில் மட்டும் சுற்றுங்கள். தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாமல் இன்னும் இரண்டு சுற்று சுற்றி வாருங்கள். ஆயில் பிரஷர் இல்லாத நேரத்தில் பின்னால் திருப்பினால் செயின் டென்ஷனரை உள்ளே தள்ளிவிட்டுப் பல் தாவும்.

கவரைத் திறந்தாச்சு. எதனால போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். கழற்றியதை டீசல் ஊற்றிக் கழுவுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும், கழுவினால் பாதித் தடயம் போய்விடும். திறந்தவுடன் போன் கேமராவில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டென்ஷனரில் தொடங்குங்கள். கழற்றும் முன் பிளஞ்சர் (வெளியே தள்ளும் தண்டு) எவ்வளவு வெளியே வந்திருக்கிறது, ராட்செட் (பின்னால் போகாமல் பூட்டும் பல்வரிசை) என்றால் எத்தனை பல் என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைசிப் பல்லில் இருந்தால் செயின் நிஜமாகவே நீண்டிருக்கிறது. பாதியில் இருக்கும்போதே செயின் தளர்ந்திருந்தால் டென்ஷனர்தான் குற்றவாளி. ஆயில் நிரம்பிய பிளஞ்சரைக் கட்டை விரலால் அழுத்துங்கள், கல் போல் நிற்க வேண்டும். மெத்தென்று போனால் உள்ளே இருக்கும் சின்ன பால் வால்வில் தூசி சிக்கியிருக்கிறது. அசையவே இல்லை என்றால் ஆயில் கறை பிசினாகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு டென்ஷனர் உட்காரும் இடத்தில் இருக்கும் ஆயில் ஓட்டையைப் பாருங்கள். முன்னால் யாரோ கவரை ஒட்டும்போது அள்ளிப் பூசிய சிலிகான் பேஸ்ட் அங்கே புழுப் போல அடைத்திருக்கும். இந்த ஒரு காரணத்தால் போகும் செயின்கள் ஏராளம்.

கைடில் சீராக, ஒரே ஆழத்தில் கோடு விழுந்திருந்தால் ஓடித் தேய்ந்தது, வேறு குறை இல்லை. ஒரு ஓரம் மட்டும் ஆழமாக வெட்டியிருந்தால் ஸ்ப்ராக்கெட்டுகள் ஒரே நேர்கோட்டில் இல்லை: வாஷர் விட்டுப்போயிருக்கும், கேம் ஆடும், அல்லது தப்பான ஸ்ப்ராக்கெட் போட்டிருப்பார்கள். பிளாஸ்டிக் கருத்து, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தால் பழைய ஆயிலும் சூடும் சேர்ந்து அதை மொறுமொறுப்பாக்கியிருக்கின்றன. போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் என்றால் அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்துக் கைடை முழுசாக்கிப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அது ஆயில் சம்ப்பில் (என்ஜினின் அடித்தொட்டி), ஸ்ட்ரெய்னர் (ஆயில் உறிஞ்சும் இடத்துச் சல்லடை) வாயில் உட்கார்ந்திருக்கும். புதுச் செயினைக் கொல்லப்போவது அதுதான்.

செயினைப் புதுச் செயினோடு மேஜையில் பக்கத்தில் கிடத்தி, இரண்டையும் இழுத்து, ஒரே எண்ணிக்கை கண்ணிகளின் நீளத்தை அளந்து பாருங்கள். நீளமே கூடவில்லை என்றால் செயின் குற்றமற்றது, காரணம் வேறெங்கோ இருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் இல்லாமல் காய்ந்து ஓடியிருக்கிறது, செயின் மேல் ஆயில் பீச்சும் சின்ன ஜெட் அடைத்திருக்கிறதா பாருங்கள். அறுந்த செயின் என்றால் உடைந்த முகத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு பகுதி வழவழப்பாக, கடல் அலை மணலில் விட்ட கோடுகள் போல வளைவு வளைவாக இருந்தால் சிறு விரிசல் நாளாவட்டத்தில் வளர்ந்து அறுந்தது. முகம் முழுக்கச் சொரசொரப்பான மணி மணியாக இருந்தால் ஒரே அடியில் அறுந்தது. அப்படி அறுந்தால் ஏதோ ஒன்று இறுகி நின்றிருக்கிறது என்று பொருள்: ஆயில் வராமல் கேம் ஹெட்டோடு பிடித்துக்கொண்டதா, செயினில் ஓடும் டீசல் பம்ப் இறுகியதா, பல்லுக்கு நடுவே போல்ட் துண்டு விழுந்ததா என்று கையால் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பாருங்கள். இணைப்புக் கண்ணியில் மட்டும் பின் கழன்றிருந்தால் ரிவெட் சரியாக அடிக்கவில்லை.

கிராங்க் ஸ்ப்ராக்கெட்டையும் அதன் நடு போல்ட்டையும் மறக்காதீர்கள். சில என்ஜின்களில் ஸ்ப்ராக்கெட் வழுக்காமல் பூட்டும் சாவி (சின்ன இரும்புத் துண்டு) கிடையாது, போல்ட்டின் இறுக்கம்தான் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து வைத்திருக்கும். பழைய போல்ட்டையே திரும்பப் போட்டிருந்தாலோ டிகிரி வைத்து முறுக்காமல் விட்டிருந்தாலோ ஸ்ப்ராக்கெட் வழுக்கிவிடும். அந்த வண்டியில் செயின், கைடு, டென்ஷனர் மூன்றும் புதிது போல இருக்கும், டைமிங் மட்டும் போயிருக்கும். ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் வட்டமாகச் சுரண்டிய தடம் இருக்கிறதா பாருங்கள்.

கடைசியாகச் சம்ப்பைக் கட்டாயம் இறக்குங்கள். ஸ்ட்ரெய்னரில் கருஞ்சேறு என்றால் ஆயில் மாற்றாத வண்டி. சிலிகான் இழைகள் என்றால் முந்தைய கைவேலை. பேரிங்கின் பளபளத் தகடுகள் என்றால் செயினை விடப் பெரிய நோய், கிராங்க் பேரிங்கைத் திறந்து பார்க்காமல் மேலே போகக் கூடாது.

ஆயில் பிரஷர் எவ்வளவு இருக்கணும்?

ஆயில் லைட் எரியவில்லை என்பதை வைத்து நம்பாதீர்கள், பிரஷர் மிகவும் விழுந்த பிறகே அது எரியும். பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் முள் கேஜ் மாட்டி, என்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு அளவெடுங்கள். பொதுவாக ஐட்லிங்கில் சுமார் 1 பார், 3000 ஆர்பிஎம்-ல் 3 முதல் 4 பார் எதிர்பார்க்கலாம். உங்கள் என்ஜினின் சரியான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். செயின் மாற்றும் முன் ஒருமுறை, மாற்றிய பின் ஒருமுறை எடுத்துப் பில்லிலேயே எழுதி வையுங்கள்.

மதுரை வெயிலுக்குக் கெட்டி ஆயில் போட்டா செயினுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?

5டபிள்யூ-30 கேட்கும் என்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் சத்தம் சில வாரம் அமுங்கும், அதனால் நோய் தீர்ந்த மாதிரி தெரியும். டென்ஷனர், விவிடி சோலினாய்டு இவற்றின் ஆயில் பாதைகள் மெல்லிய ஆயிலுக்காகத் துளைத்தவை. கெட்டி ஆயில் ஸ்டார்ட் செய்ததும் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும். அக்னி நட்சத்திர வெயிலிலும் கையேட்டில் சொன்ன கிரேடைத்தான் போட வேண்டும்.

வெயிலை விட நம் ஊரில் செயினைக் கெடுப்பது ஐட்லிங். சித்திரைத் திருவிழா நெரிசலில், மாசி வீதிகளில், பேருந்து நிலையத்துக்கு வெளியே ஏசி போட்டுக்கொண்டு நிற்கும் வாடகை வண்டியில் கிலோமீட்டர் ஏறாது, ஆயில் மட்டும் வெந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேர ஐட்லிங்கை 40 முதல் 50 கி.மீ. ஓட்டமாகக் கணக்கு வைப்பது வழக்கம். தினம் 2 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் மீட்டரில் தெரியாத 2000 முதல் 2500 கி.மீ. மாதா மாதம் சேர்கிறது. 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் என்று கையேடு சொன்னால் இப்படிப்பட்ட வண்டிக்கு 5000 முதல் 6000-க்குள் மாற்றுங்கள். டீசலில் புகைக்கரி ஆயிலில் கலந்து பின்னையும் ஓட்டையையும் அரம் போல் அராவும் என்பதால் இது இன்னும் முக்கியம்.

மேலூர் பக்கம் கல் குவாரி, கிரஷர் சாலைகளில் ஓடும் வண்டிகளில் ஏர் ஃபில்டரையும் அது உட்காரும் பெட்டியின் ரப்பரையும் மாதம் ஒருமுறை பாருங்கள். உள்ளே போகும் கல்தூசி ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கிச் செயினிடம்தான் வரும்.

மலைப்பாதையில கியர் போட்டு நிறுத்துனா செயின் தாவுமா?

நல்ல டென்ஷனர் இருந்தால் பயமில்லை. டென்ஷனர் பலவீனமான வண்டியை வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஏறுமுகமாக, முதல் கியரில், ஹேண்ட் பிரேக் போடாமல் விட்டால் வண்டி பின்னால் சாய்ந்து கிராங்கைத் தலைகீழாகச் சுற்றப் பார்க்கும். ஆயில் பிரஷர் இல்லாத அந்த நேரத்தில் பல் தாவலாம். முதலில் ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, வண்டியின் எடை அதில் நின்ற பிறகு கியர் போடுங்கள், டயருக்குக் கல் வையுங்கள்.

ஓடிட்டு இருக்கும்போதே நின்னுபோச்சு. செல்ஃப் அடிச்சா சர்ர்னு லேசாச் சுத்துது, பிடிக்கலை.

இன்னொரு முறை செல்ஃப் அடிக்காதீர்கள். தள்ளியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். வழக்கமான இழுத்து விடும் தாளம் இல்லாமல் ஒரே சீராகச் சுற்றினால் கம்ப்ரஷன் இல்லை, செயின் அறுந்திருக்கலாம் அல்லது நிறையப் பல் தாவியிருக்கலாம். ஒவ்வொரு சுற்றும் இன்னும் ஒரு வால்வை வளைக்கலாம். நான்கு வழிச் சாலையில் நின்றிருந்தாலும் ரெக்கவரி வண்டியில் ஏற்றி எடுத்து வாருங்கள்.

பட்டறையில் முதலில் பிளக் ஓட்டை வழியாக என்டோஸ்கோப் கேமரா விட்டுப் பிஸ்டன் மேல் வால்வு பட்ட பிறை வடிவத் தடம் இருக்கிறதா பாருங்கள். பிறகு டைமிங்கைக் கையால் சரியாக வைத்து, ஒவ்வொரு சிலிண்டராகக் காற்று விட்டு லீக் டவுன் டெஸ்ட் எடுங்கள். இன்டேக் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ காற்று சீறினால் வால்வு வளைந்திருக்கிறது, ஹெட் இறக்கத்தான் வேண்டும். சீறவில்லை என்றால் ஹெட்டைத் தொட வேண்டியதில்லை.

புதுசு போடும்போது எதையெல்லாம் மாத்தணும், எங்கே தப்பு நடக்குது?

செயின், இரண்டு பக்கக் கைடு, டென்ஷனர், கிராங்க் ஸ்ப்ராக்கெட், கேம் ஸ்ப்ராக்கெட், முன் ஆயில் சீல், ஒருமுறை மட்டும் பயன்படும் கிராங்க் போல்ட், ஆயில், ஃபில்டர். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினைப் போட்டால் பல்லும் கண்ணியும் பொருந்தாமல் புதுச் செயின் சீக்கிரம் தேயும். விவிடி கியர் விலை கூடியது. பூட்டு பின் நன்றாக இருந்தால் அதை மாற்றத் தேவையில்லை. கடைக்குப் போகும்போது பழைய செயினைக் கையோடு கொண்டுபோய்க் கண்ணி எண்ணிக்கை, அகலம், வகை மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

பேஸ்ட்டை 3 மி.மீ. இழையாக, ஆயில் ஓட்டைகளிலிருந்து தள்ளி விடுங்கள், டியூபில் சொன்ன நேரம் காயட்டும். புது டென்ஷனரை உள்ளே அமுக்கிப் பிடித்திருக்கும் பின்னை இழுத்துவிட்டீர்களா என்று இருமுறை பாருங்கள், அதை மறந்து கவரை மூடுவது நடக்கிற தவறுதான். கையால் கிராங்கை இரண்டு சுற்று முழுக்கச் சுற்றி மார்க்கை மறுபடி பாருங்கள். நடுவில் எங்காவது இடித்தால் பலம் கொடுக்காமல் நிறுத்துங்கள். கவர் மூடியதும் இன்ஜெக்டர் ஃப்யூஸைக் கழற்றி, ஆயில் லைட் அணையும் வரை பத்துப் பத்து செகண்டாகச் செல்ஃப் அடித்து டென்ஷனருக்கு ஆயிலை ஏற்றுங்கள். ஸ்டார்ட் செய்த பிறகு ஸ்கேனரில் கேம், கிராங்க் பழைய கற்றல் அளவை அழித்துப் புதிதாகக் கற்க விட வேண்டும். 1000 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மறுபடி மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளைப் பாருங்கள். அதில் பிளாஸ்டிக் பொடி இருந்தால் சம்ப்பில் இன்னும் துண்டு கிடக்கிறது.

பழைய வண்டி வாங்கப்போறேன். செயினை எப்படிச் சோதிக்கறது?

காலையில் நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து என்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் சத்தத்தை மறைக்க முன்னமே ஓட்டியிருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஆயில் மூடியின் உள்பக்கம் கருஞ்சேறு, டிப் ஸ்டிக்கில் தார் போன்ற ஆயில் இரண்டும் இருந்தால் விலையில் ஒரு செயின் வேலையைக் கழித்துக் கேளுங்கள். பிறகு ஜன்னலை இறக்கி, பானெட் திறந்தபடி, இன்னொருவரைச் சாவி போடச் சொல்லி நீங்கள் செயின் கவர் பக்கம் நின்று முதல் ஐந்து செகண்டைக் கேளுங்கள்.

மெக்கானிக் செயின் போச்சுன்னு சொல்லிட்டார். நான் என்ன கேட்கணும்?

எந்தச் சோதனையில் அது தெரிந்தது, ஆயில் பிரஷர் எவ்வளவு, டென்ஷனர் எத்தனை பல் வெளியே வந்திருந்தது, ஸ்ட்ரெய்னரில் என்ன இருந்தது. இந்த நான்கையும் கேளுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார். பழைய செயின், கைடு, டென்ஷனர் மூன்றையும் ஒரு பையில் போட்டு வாங்கி, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வீட்டில் வையுங்கள். ஆறு மாதத்தில் சத்தம் திரும்பினால் அடுத்த மெக்கானிக் முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்தப் பைதான்.